கத்திரி கழியும் வாரத்தில் கடலுக்கா, மலைக்கா?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "அவருக்கு மே மாசக் கடைசியில்தான் லீவு கிடைக்கிறது. எட்டு வயசுப் பையன், இரண்டரை வயசுப் பெண், மாமனார், மாமியார் எல்லோருமாகக் குற்றாலம், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று ஒரு சுற்றுப் போய் வர ஆசை. 'மழை பிடிச்சுக்கிற நேரம், பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கும்மா?' என்கிறார் அத்தை. 'மழை வந்தாத்தானேம்மா குற்றாலமே!' என்கிறார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் முழிக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

நல்ல வேளை, இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால் யாரையும் விட்டுக் கொடுக்காமல் பதில் சொல்லிவிடலாம். மே கடைசி வாரம் என்பது கோடையும் இல்லாத, மழைக்காலமும் ஆகாத ஒரு இரண்டுங்கெட்டான் சமயம். போகக் கூடாது என்று இல்லை. எந்த ஊருக்கு முதலில் போவது, எத்தனை மணிக்கு வெளியே கிளம்புவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் மழை சமாசாரம். அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் கழியும். அது முடிகிற கையோடு கேரளத்தில் 'இடவப்பாதி' பிறக்கும். அவர்களுடைய இடவ மாசம்தான் நம் வைகாசி. அதில் பாதி கழிந்ததும் வருகிற மழை என்பதால் தென்மேற்குப் பருவமழைக்கே அந்தப் பெயர். வானிலைத் துறை கணக்கிலும் கேரளத்தில் பருவமழை தொடங்க வேண்டிய நாள் ஜூன் 1. ஆனால் மழைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதே! 2023-ல் ஜூன் 8-ம் தேதிதான் வந்தது. 2024-ல் மே 30. 2025-ல் மே 24-ம் தேதியே வந்து நின்றது. இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகிறது. ஆகவே, "போன வருஷம் இதே தேதியில் போனோம், ஒரு சொட்டு மழை இல்லை" என்று எதிர் வீட்டு அக்கா சொல்வதை வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள்.

பருவமழை வருவதற்கு முன்னால் பெய்வதும் மழைதான், ஆனால் அதன் குணமே வேறு. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏற மலையோரத்தில் மேகம் திரளும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, ராத்திரி நட்சத்திரம் தெரியும். பருவமழை அப்படி இல்லை. காலை, மாலை என்று பார்க்காமல் விட்டுவிட்டு நாள் கணக்கில் பெய்யும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி பிரயாணத் திட்டம் தானே வந்துவிடும். இடிமழைக் காலமாக இருந்தால் மலைக்குப் போவதெல்லாம் காலையில், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். பொன்முடி போன்ற இடத்துக்கு இது ரொம்ப அவசியம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், அதில் 22 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்கால இடிமழையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் இறங்குவது யாருக்கும் வேண்டாத பரீட்சை. பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் அங்கே வண்டிகளை மேலே விடுவதும் இல்லை.

இப்போது வரிசை. பெரும்பாலானவர்கள் குற்றாலத்தை முதலில் பார்த்துவிட்டு அப்படியே கேரளா போகலாம் என்று நினைப்பார்கள். மே கடைசியில் நான் இதைத் திருப்பிப் போடச் சொல்வேன். திருவனந்தபுரம் முதலில், கன்னியாகுமரி அடுத்து, குற்றாலம் கடைசி. பருவமழை முதலில் இறங்குவது கேரளக் கரையில். அது வருவதற்குள் கோவில், கடற்கரை, அரண்மனை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். குற்றாலத்துக்கோ ஒவ்வொரு நாள் தள்ளிப் போவதும் லாபம். அங்கே சீசன் என்பதே ஜூனில்தான் தொடங்குகிறது. மே மாசத்தில் அருவியில் பல நாள் நூல் போலத்தான் தண்ணீர் விழும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே தடுத்து வைத்துக்கொண்டாலும், செங்கோட்டைக் கணவாய் ஒரு ஜன்னல் மாதிரி திறந்திருக்கிறது. கேரளத்தில் காற்று பலமானால் அந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்றும் பூப்போன்ற சாரலும் தென்காசிப் பக்கம் வந்துவிடும். பக்கத்திலேயே திருநெல்வேலியில் வெயில் கொளுத்த, குற்றாலத்தில் சால்வை தேடுவது இதனால்தான்.

ஆரல்வாய்மொழியிலும் இப்படி ஒரு கணவாய் உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும்போது காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். மே பாதியிலிருந்தே அங்கே காற்று வாங்கு வாங்கென்று வாங்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கள். குழந்தையின் தொப்பி, உங்கள் தலைப்பூ இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை!

கன்னியாகுமரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அருவியில் வெள்ளம் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. கடல் அமைதியாகத் தெரிந்தால் ஒருவரும் பயப்படுவதில்லை. அங்கேதான் ஆபத்து. கேரளத்து மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். திருடன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வரும் கடல் என்று அர்த்தம். இந்துமாக்கடலின் தென்கோடியில், நமக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ புயல் அடிக்கும். அதில் எழும்பிய நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் நீலமாக இருக்கும். திடீரென்று கடல் மட்டும் கரையேறும். கோடை மாதங்களில், முக்கியமாக ஏப்ரல் மேயில், இது அதிகம். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. படித்த பிள்ளைகள், இருபதுகளில் இருந்தவர்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது. செய்தியில் வரும், மாவட்ட நிர்வாகமும் சொல்லும். எச்சரிக்கை இருக்கும் நாளில் 'காலை மட்டும் நனைச்சுக்கறோம்மா' என்ற பேச்சே கிடையாது. பையன் எவ்வளவு அழுதாலும் சரி, கரைக்கு மேலே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடட்டும். எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாறைகளுக்கு நடுவே குழந்தையை நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து எடுப்பதுதானே எல்லோருக்கும் வழக்கமாக இருக்கிறது!

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகத்தான் குழந்தைகள் குதிப்பார்கள். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ம் தேதி திறந்த கண்ணாடிப் பாலம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். ஆனால் கடல் சீறினாலோ, சில நாள் கடல் உள்வாங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கன்னியாகுமரிக்கு ஒரே ஒரு பகல் மட்டும் ஒதுக்கினால் ஏமாற்றம் வரலாம். ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு காலைப் பொழுது கையில் இருக்கும். படகு இல்லாத நாளில் பிள்ளைகள் முகம் வாடாமல் இருக்கத் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. பூராவும் மர வேலை. மழை கொட்டினாலும் உள்ளே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓடிவிடும். திங்கட்கிழமை மட்டும் மூடியிருப்பார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் மீன் பிரியர் என்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் உண்டு. நாட்டுப் படகு மீன் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் எகிறும். ஓட்டலில் 'பெரிய மீன்' என்று போட்டிருப்பது எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ! குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம். அந்த ஊர் மட்டிப்பழம் வாங்கிக் கொடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், மணக்கும், எளிதில் ஜீரணமாகும். குமரிப் பக்கத்துத் தாய்மார்கள் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமே அதுதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இனி குற்றாலம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். சீசன் தொடங்காத மே மாசம் என்பதைக் கவனியுங்கள். அருவியில் குளிக்கிறவர்கள் தலைக்கு மேலே பெரிய மழை இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. மலை உச்சியில் அரைமணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் சேர்ந்து வரும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் சோப்பு டப்பா, துண்டு, செருப்பு எதையும் தேடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடான பக்கம் ஏறிவிட வேண்டும். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகக் குளிக்கும் இடத்தில், 'அவர் வரட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. பிரிந்தால் எந்தக் கடை வாசலில் வந்து சேர்வது என்று குளிக்கப் போகும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். போலீசார் தடை போட்டிருந்தால் அன்றைக்குக் குளியல் இல்லை. 'அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம் சார்' என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இரண்டரை வயசுப் பெண்ணை மெயினருவிக்கு அடியில் கொண்டுபோக வேண்டாம். அந்த வேகம் பெரியவர்கள் தலைக்கே கனம். தண்ணீர் தேங்காமல் ஓடுகிற ஓரத்தில் சின்னச் சொம்பால் மொண்டு ஊற்றினால் அதற்கே கைகொட்டிச் சிரிக்கும். கழுத்துச் சங்கிலி, மெட்டி, கொலுசு எல்லாம் அறையிலேயே கழற்றிப் பூட்டி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வராது. ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகளையும் சொல்ல வேண்டும். பையில் பழம் இருந்தால் அது குரங்குக்கு எப்படித்தான் தெரியுமோ, பையோடு போய்விடும்.

வானிலைச் செய்தியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்கிறார்களே, அது மாவட்டவாரியாகக் கொடுப்பது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் செய்ய வேண்டியதைச் செய். எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. ஆரஞ்சு என்றால் மலைக்கும் அருவிக்கும் போவதில்லை, சிவப்பு என்றால் தங்கின ஊரை விட்டுக் கிளம்புவதே இல்லை. 'கனமழை' என்பதற்கும் அளவு உண்டு. ஒரு நாளில் 7 சென்டிமீட்டருக்குமேல் பெய்தால் கனமழை, 12-க்குமேல் மிகக் கனமழை, 20-க்குமேல் அதி கனமழை. வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில், அதாவது நாம் வாசலில் சின்னக் கோலம் போடுகிற இடத்தில், பத்து லிட்டர் தண்ணீர். ஏழு சென்டிமீட்டர் என்றால் அந்தச் சின்ன இடத்தில் எழுபது லிட்டர், ஐந்து குடம் கொட்டியது போல. அப்படி ஒரு மலை முழுக்கக் கொட்டினால் அத்தனையும் எங்கே வந்து விழும்? அருவியில்தான்! மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு. கிளம்புகிற நாளைக்கு இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொள்ளலாம், புளியோதரை எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் அரைத்த எதையும் இந்தப் புழுக்கத்தில் கட்டாதீர்கள், நாலு மணி நேரத்தில் ஊசிவிடும். தயிர்சாதத்தைப் பால் விட்டுப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மத்தியானம் வரை புளிக்காது. மலைப்பாதை ஏறும் முன் வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். வாந்தி எடுக்கிற பிள்ளையை வண்டியின் பின்பக்கம் உட்கார வைத்துக் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் வாந்தி வராமல் என்ன செய்யும்? ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளாளுக்குச் சொல்கிற தூக்க மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கேரளத்தில் சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைப்பார்கள். பதிமுகப் பட்டை போட்டது, நல்லதுதான். ஆனால் சில இடங்களில் அந்த வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் கொதிக்க வைத்ததற்கே பலன் இல்லை. மஞ்சள் காமாலை பரவுவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். குழந்தைக்கு ஒரு பிளாஸ்கில் உங்கள் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். குளம், குட்டை, தேங்கிய தண்ணீரில் பையன் முங்கிக் குதித்து விளையாட வேண்டாம். மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபாக் காய்ச்சல் 2024-லும் 2025-லும் கேரளத்தில் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கின தெருவில் வெறுங்காலோடு நடப்பதும் எலிக்காய்ச்சலை அழைப்பதுதான். ஊருக்குத் திரும்பின பிறகு பத்து நாளில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "இன்ன இன்ன ஊருக்குப் போனோம், இந்தத் தண்ணீரில் குளித்தோம்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது, முக்கியமாக உப்பு கூடவே கூடாது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மாமனார், மாமியாரின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்று பெட்டியில், இன்னொன்று உங்கள் கைப்பையில். ரயிலில் பெட்டி சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ராத்திரி மாத்திரைக்கு எல்லோரையும் எழுப்ப வேண்டியிருக்காது. வீசிங் உள்ளவர்களுக்குச் சாரல் காற்று ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்று. மதுரையில் 39, 40 டிகிரி அடிக்கும் நாளில் திருவனந்தபுரத்தில் 32, 33-தான் இருக்கும், ஆனால் புழுக்கத்தில் துணி காயாது. ஆகவே கனமான துணி வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியாக எண்ணிக்கை கூட இருக்கட்டும். குழந்தைக்கு இரண்டு பங்கு. பத்மநாப சுவாமி கோவிலுக்கு ஆண்களுக்கு வேஷ்டி, நமக்குப் புடவை வேண்டும். சுடிதார் போட்டிருந்தால் மேலே ஒரு முண்டு சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

டிக்கெட் ரயிலில் இப்போது அறுபது நாள் முன்னால்தான் எடுக்க முடியும். மே 25-க்குக் கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் கடைசியிலேயே உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் நாளையும் பாருங்கள். 2023-ல் வெயிலால் ஜூன் 12-க்குத் தள்ளினார்கள், 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2-ம் தேதியே திறந்துவிட்டார்கள். திறப்பதற்கு மூன்று நாள் முன்னதாக வீடு வந்து சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மழையால் ஒரு நாள் எங்காவது மாட்டிக்கொண்டாலும் பதற்றம் இல்லை. அறை எடுக்கும்போதே, "வர முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை. கேட்க வெட்கப்படுவார். அப்படியானால் நீங்களே போன் செய்து கேளுங்கள்.

குற்றாலத்தில் நேரம் மிஞ்சினால் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் ஒரு பகல் போய் வாருங்கள். 1904-ல் மீட்டர் கேஜாகப் போட்ட மலைப்பாதை, அகலமாக்கி 2018-ல் திரும்பத் திறந்தார்கள். குகைக்குள் ரயில் நுழையும்போது பிள்ளைகள் போடுகிற கூச்சலும், தென்மலைக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலமும் மறக்காது. மழை பெய்தாலும் நனையாமல் மழையைப் பார்க்கலாம். அத்தைக்கும் இது பிடிக்கும். ஜன்னலோர சீட்டை அவருக்கே கொடுத்துவிடுங்கள்!